பத்து நாற்பது பஸ்

நிழற்குடைத் தூணில் அந்தத் தாளை ஒட்டிவிட்டுப் போனவனை ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை. எதிரே மளிகைக்கடை வைத்திருப்பவர், ஈ பறந்தால்கூட எந்த வீட்டிலிருந்து பறக்கிறது என்று சொல்லக்கூடியவர், அவரே பார்க்கவில்லையாம். சர்க்கரை மூட்டையைப் பிரித்துவிட்டு நிமிர்ந்தால் தாள் இருந்தது, பசைகூடக் காயவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்றார். ஊர் நம்பவில்லை. பார்த்திருப்பார், சொல்ல மாட்டார் என்று நினைத்துக்கொண்டது.

தாளில் நாலே வரி. பயணிகள் வரத்து இல்லாத காரணத்தால் பத்து நாற்பது நடை அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஊருக்குள் வராது, பிரிவு ரோட்டோடு திரும்பிவிடும். கீழே ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. காலை ஆறரை பஸ்ஸும் மாலை ஐந்து மணி பஸ்ஸும் வழக்கம்போல வரும். அவற்றில் பள்ளிப் பிள்ளைகளும் மில்லுக்குப் போகிறவர்களும் பிதுங்கி வழிவார்கள்.

செய்தி மூன்று கிலோமீட்டர் தள்ளி, பிரிவு ரோட்டில் டீக்கடை வைத்திருந்த அக்காவுக்குப் பத்து நிமிடத்தில் போய்விட்டது. வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டீயை ஆற்றிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல், "யாரு வேலை இது?" என்று கேட்டாள். என்ன, எப்போது, ஏன் என்றெல்லாம் கேட்கவில்லை. அவள் சுபாவம் அது. பால் திரிந்தால்கூடப் பால்காரனையும் மாட்டையும் தாண்டி, மாட்டுக்குப் புல் அறுத்தவன் வரைக்கும் போய் விசாரிப்பவள்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் கொத்தனார். நான்கு மாதத்துக்கு முன்னால் சாரத்தின் மேல் நின்று சுவர் பூசிக்கொண்டிருந்தவருக்குக் கரண்டி கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவரின் வலது பக்கம் முழுக்க அப்படியே செத்துப்போயிற்று. கையும் காலும் போய், பேச்சும் முக்கால்வாசி போயிற்று. டவுன் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி கொடுக்கிற பெண், செவ்வாயும் வெள்ளியும் மதியம் பன்னிரண்டுக்குத் தவறாமல் வரச் சொன்னாள். "முதல் ஆறு மாசம்தாம்மா முக்கியம். அதுக்குள்ள வர்றது வந்துடும். விட்டீங்கன்னா விரல் மடங்கினது மடங்கினபடியே இறுகிடும்." இப்போது கட்டைவிரல் அசைகிறது. பென்சிலைப் பிடிக்க முடிகிறது. இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருக்கிறது.

காலை பஸ்ஸில் அவரை ஏற்ற முடியாது. அந்த நெரிசலில் நல்ல காலோடு இருக்கிறவர்களே ஒற்றைக் காலில்தான் நிற்கிறார்கள். காலியாக வருகிற பத்து நாற்பதுதான் அவருக்குத் தோது. அதிலும் ஒரு விசேஷம் இருந்தது. அந்த நிழற்குடையின் மேடையைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கட்டியது அவர்தான். கட்டுகிறபோதே பஸ்ஸின் படிக்கட்டை முழம் போட்டு அளந்து, மேடையை அதே உயரத்துக்கு எழுப்பியிருந்தார். "எதுக்குய்யா இவ்வளவு உயரம்?" என்று ஊர் கேலி செய்தது. டிரைவர் மேடையை ஒட்டி நிறுத்தினால், காலை மடக்காமல் அப்படியே நடந்து பஸ்ஸுக்குள் போய்விடலாம். இப்போது ஊரிலேயே அப்படிப் போகிற ஒரே ஆள் அவர்தான். திரும்பும்போது டவுன் ஸ்டாண்ட் மேடையிலிருந்து, மாலை பஸ் நிரம்புவதற்கு முன்பே ஏறி உட்கார்ந்துவிடுவார்.

வேனில் ஏற்றிப் பார்க்காமல் இல்லை. அவள் தம்பி சொந்தமாக வேன் வைத்திருக்கிறான். ஒருமுறை கூட்டிப்போனான். முழங்கால் மடங்கவில்லை, படி உயரம், பின்னால் சாய்ந்துவிட்டார். தம்பி அவரைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி உட்கார வைத்தான். ஊரில் பாதிச் சுவரை எழுப்பிய மனிதர், நான்கு பேர் பார்க்க அழுதார். வீட்டுக்கு வந்து இடது கையைப் பலமாக ஆட்டி, வேண்டாம், இனி வேண்டவே வேண்டாம் என்றார். அதற்கப்புறம் வேன் பேச்சை அவள் எடுக்கவில்லை.

ஆக, யார் வேலை இது என்ற கேள்விக்கு அவள் மனசில் பதில் தேடவே வேண்டியிருக்கவில்லை. பஸ் நின்றால் யாருக்கு லாபமோ அவன்தான். தம்பி வேன் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் புதிதாக நான்கு சீட்டு பொருத்தியிருக்கிறான். தாள் ஒட்டுவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒருவன் எதற்குச் சீட்டு கூட்டுவான்? அதற்கும் முன்னால் இன்னொன்று நடந்தது. தோல் பை வைத்துக்கொண்டு, வெளுத்த சட்டை போட்ட ஒரு மனிதர் அவள் கடையிலேயே வந்து உட்கார்ந்து, இரண்டு டீயும் ஒரு பன்னும் சாப்பிட்டுவிட்டு, அரைமணி நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து நேரே தம்பியின் வேனில், அதுவும் முன் சீட்டில், ஏறிக்கொண்டு ஊருக்குள் போனார். ஊரில் யார் வீட்டுக்கும் அவர் விருந்தாளி இல்லை.

"அந்த ஆள் யாருடா?" என்று அப்போதே கேட்டாள்.

"யாரோ, ஊரைப் பாக்கணும்னாரு."

"நம்ம ஊர்ல பாக்கறதுக்கு என்னடா இருக்கு?"

"அதத்தான்க்கா நானும் கேட்டேன்," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. தாள் ஒட்டிய அன்று அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அது கள்ளச் சிரிப்பாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல ஒன்பதரைக்குக் கடையைப் பூட்டிவிட்டு சைக்கிளில் வீட்டுக்கு வந்து, புருஷனைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, மேடைக்குக் கூட்டிவந்து நிறுத்தினாள். பஸ் சரியாக வந்தது. வாய்க்கால் வளைவில் ஹாரன் அடித்து, மேடையை உரசினாற்போல நின்றது.

"மாமா, வலது கால முதல்ல. ஆங், அவசரமில்ல," என்றார் டிரைவர். நரைத்த மீசைக்காரர். இந்த வழியில் ஒன்பது வருஷமாக ஓட்டுகிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் பெரிய டிரைவர்.

"பாத்தீங்களா அண்ணே, நிறுத்திட்டாங்களே!" என்றாள்.

"மேலிடத்து முடிவுக்கா. நம்மகிட்ட கேட்டா பண்றாங்க?" என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடியைத் துடைத்தார். இவனுக்கும் ஏதோ தெரியும் என்று அவளுக்குப் பட்டது. ஒருவேளை தம்பியிடம் வாங்கித் தின்றிருப்பானோ? அன்று டவுன் போய்ச் சேரும்வரை டிரைவரின் பின்னந்தலையையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை காலை தம்பி வழக்கம்போல டீக்கு வந்தான். டீயைக் கண்ணாடி டம்ளரில் கொடுக்காமல், வெளியூர் ஆட்களுக்குக் கொடுக்கிற காகிதக் குவளையில் கொடுத்தாள். அவன் குவளையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"என்னக்கா இது?"

"டீ."

"அது தெரியுது. நான் என்ன வழிப்போக்கனா?"

"வழிப்போக்கன் குடிச்சிட்டுப் போயிடுவான். கூடப் பொறந்தவன்தான் கழுத்தறுப்பான்." கடையில் அப்போது ஆறேழு பேர் இருந்தார்கள். அவளுக்கு அது வசதியாகப் போயிற்று. "ஏண்டா, உன் வண்டி நிறையணும்னு ஊர் பஸ்ஸை நிறுத்திட்டியே, உங்க மாமா கை விளங்காமப் போனா அந்தப் பாவத்த எந்த சீட்ல உக்கார வைப்ப? புது சீட்லயா?"

"அக்கா, வாய்க்கு வந்ததப் பேசாத."

"பையோட வந்தவன் யாருன்னு சொல்லு. அவனுக்கு என்ன குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கல. அவரு கேட்டாரு, ஏத்திட்டுப் போனேன்."

"ரோட்ல நிக்கற எத்தனையோ பேர் கேக்கறாங்க. எல்லாரையும் முன் சீட்லதான் உக்கார வைப்பியா?"

அவன் முகம் சிவந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். சுற்றி இருந்தவர்களைப் பார்த்தான். அப்புறம் குவளையை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்துபோனான். பதில் சொல்லாமல் போனதே போதும், குற்றம் ருசுவாகிவிட்டது என்று கடையே தலையாட்டியது. அன்றைக்குப் பத்தரைக்கு அவன் வேனில் நான்கு பேர்தான் ஏறினார்கள். மற்றவர்கள் ரோஷத்தில் நடந்தே வந்தார்கள். மூன்று கிலோமீட்டர் வெயிலில் நடந்துவந்து, அக்கா பக்கம்தான் நியாயம் என்று சொல்லி, ஆளுக்கு ஒரு டீ குடித்தார்கள்.

சாயங்காலம் தம்பி பெண்டாட்டி வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அண்ணி, அவரு மத்தியானம் சாப்பிடல. நாலு பேர் முன்னால அப்படிக் கேக்கலாமா?"

"செஞ்சது நாலு பேருக்குச் செஞ்சதுதானே. கேக்கறதும் நாலு பேர் முன்னாலதான் கேக்கணும்."

"அவரு ஒண்ணும் செய்யல. எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும்னா அப்ப என்னமோ இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றாள் அக்கா. உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த கொத்தனார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, மடியில் ஒரு நோட்டை வைத்துக் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். தினமும் வலது கையால் எதையாவது வரையச் சொல்லியிருந்தாள் பயிற்சிக்காரப் பெண். நிமிர்ந்து மனைவியைப் பார்த்து, "வேணாம்," என்றார். நோயில் விழுந்த பிறகு அவருக்குத் தெளிவாக வருகிற ஏழெட்டு வார்த்தைகளில் அது ஒன்று. எது வேண்டாம் என்று அவள் கேட்கவில்லை.

"டிப்போவுக்குப் போய் நேருக்கு நேர் கேட்டுடுவோம். உம் புருஷனையும் வரச் சொல்லு. தப்பு இல்லாதவன்னா வரட்டும்," என்று வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

அவன் வந்தான். அதுதான் அவளுக்கு ஆச்சரியம். திங்கட்கிழமை காலை வேனைக் கொண்டுவந்து கடை முன்னால் நிறுத்தி, "ஏறு," என்றான். அந்த வேனில் ஏறுவதா என்று ஒரு கணம் தயங்கினாள். ஏறாவிட்டால், நான் கூப்பிட்டேன் அவள்தான் வரவில்லை என்று நாளைக்குச் சொல்வான். கடையைப் பூட்டிவிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். புது சீட்டில் உட்காராமல் பழைய சீட்டில்தான்.

டிப்போவின் கிளை மேலாளர் ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். மேஜை முழுக்கக் கோப்புகள், ஒரு மூலையில் ஓட்டை டயரில் வைத்த ஒரு செடி. வெளியே பட்டறையில் யாரோ இரும்பை இரும்பால் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"சொல்லுங்கம்மா," என்றாள் மேலாளர்.

அக்கா சொன்னாள். கொத்தனாரின் கை, ஆறு மாதக் கெடு, மேடையின் உயரம், எல்லாவற்றையும் சொன்னாள். குரல் எங்கும் உடையவில்லை. கடைசியில், "இதுல யாரோ தப்பா எழுதிக் குடுத்திருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரியணும்," என்று தம்பியை ஒரு பார்வை பார்த்தாள்.

"யாரும் எழுதிக் குடுக்கலம்மா. நாங்க பஸ்ஸை நிறுத்தவும் இல்ல. பஸ் உங்க ஊருக்குள்ள போறதே இல்லையே. போகாத பஸ்ஸைத்தான் போகலன்னு எழுதியிருக்கோம்."

"போகலையா? வெள்ளிக்கிழமை நான் அதுலதானே வந்தேன்?"

"வெள்ளிக்கிழமை போயிருக்கும்." மேலாளர் ஒரு தாளை உருவினாள். "எல்லா பஸ்லயும் ஜிபிஎஸ் மாட்டி ஒன்றரை வருஷமாச்சு. வண்டி எங்க நின்னுது, எங்க திரும்புச்சுன்னு எல்லாம் இங்க வந்துடும். இதோ, போன மூணு மாசத்துல எழுபத்தெட்டு நாள். அதுல அம்பத்திரண்டு நாள் பிரிவு ரோட்டோடயே திரும்பியிருக்கு. டிரைவரும் ஒளிக்கல. 'பயணிகள் இல்லை, உள்ளே செல்லவில்லை'ன்னு தினம் எழுதிக் குடுத்திருக்காரு. எனக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணுதான். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மட்டும் தவறாமப் போயிருக்கு. ஒரு வாரம்கூடத் தப்பல. உங்க ஊர்ல அந்த ரெண்டு நாள்ல ஏதாவது சந்தை கிந்தை கூடுதா?"

பட்டறையில் இரும்புச் சத்தம் நின்றிருந்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"சரி, நேர்லயே பாத்துட்டு வரட்டும்னு ஒரு ஆள அனுப்பினேன்," மேலாளர் இன்னொரு தாளை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "பிரிவு ரோட்ல ஒரு டீக்கடை இருக்காம். அந்தக் கடைக்காரம்மா போன்ல யார்கிட்டயோ கேட்டுட்டு, பஸ் வந்ததும் கையத் தூக்கி ஆள் இல்லன்னு காட்டிச்சாம். டிரைவர் கடை வாசல்லயே வண்டிய வளைச்சு நிறுத்திட்டு டீ குடிச்சாராம். நம்ம ஆளு வேற வழியில்லாம ஒரு வேன்ல ஏறி உள்ள போயிருக்காரு. அந்தம்மா யாரு? உங்க ஊர்தானா?"

நடந்தது இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழையில், ஊருக்குள் வரும் வழியிலிருக்கிற ஓடைப் பாலத்தின் ஒரு ஓரம் விண்டு விழுந்தது. பஸ் அதன்மேல் ஊர்ந்து போய், ஊர்ந்து வர வேண்டும். பெரிய டிரைவர் ஒவ்வொரு நாளும் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போவார். போய்ப் பார்த்தால் பல நாள் ஏற ஆள் இருக்காது. பாவம் பார்த்து அக்காதான் அந்த ஏற்பாட்டைச் செய்தாள். பத்தரைக்கு மளிகைக்காரருக்குப் போன் போடுவாள். "ஆள் இருக்கா?" அவர் கல்லாவிலிருந்தே எட்டிப் பார்த்து, "ஒருத்தரும் இல்லம்மா," என்பார். பஸ் வந்ததும் இவள் கையைத் தூக்கி விரித்துக் காட்டுவாள். டிரைவருக்கு ஆறு கிலோமீட்டர் மிச்சம், ஒரு டீக்கு நேரம், இவளுக்கு ஒரு புண்ணியம். அப்புறம் பாலத்தைச் சரி செய்துவிட்டார்கள். கையை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி நாட்களில் கடை பூட்டியிருக்கும், கை காட்ட ஆள் இருக்காது, பஸ் தானாக உள்ளே போய்விடும். மற்ற நாட்களை அவள் எண்ணியதே இல்லை.

ஆனால் அந்த ஊரில் யாரும் முன்கூட்டியே வந்து நிழற்குடையில் காத்திருப்பதில்லை. வெயிலில் எதற்கு வேர்க்க வேண்டும்? வாய்க்கால் வளைவில் ஹாரன் கேட்ட பிறகுதான் செருப்பை மாட்டுவார்கள், கதவைச் சாத்துவார்கள், பையை எடுப்பார்கள். டிரைவரும் எல்லோரும் வரும்வரை நிற்பார். பத்தரைக்கு எட்டிப் பார்த்தால் அங்கே எப்படி ஆள் இருக்கும்? ஆள் இல்லை என்று பஸ் வராது. பஸ் வராததால் ஹாரன் கேட்காது. ஹாரன் கேட்காததால் ஆள் வராது. கொஞ்ச நாளில், இந்த பஸ்ஸை நம்பிப் பயனில்லை என்று சிலர் காலையிலேயே போனார்கள், சிலர் வேனில் போனார்கள், சிலர் போவதையே விட்டுவிட்டார்கள்.

இதெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலேயே அவளுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. நான்தான் என்று சொல்ல நினைத்தாள். சொல்லாமல், மேலாளர் கையிலிருந்த தாளையே பார்த்தாள்.

"எங்க ஊர் இல்லைங்க," என்றான் தம்பி. "அந்தக் கடை யாரோ வெளியூர்க்காரங்க நடத்தறது."

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பினாளோ இல்லையோ, தாளை மடித்தாள். "மாசம் முடிய இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. பன்னெண்டு நாளும் பஸ் உள்ள போகட்டும். டிரைவர்கிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன், நான் சொல்லி அவர் உள்ள போனா அது கணக்குல வராது. ஆள் ஏறினா டிக்கெட் மிஷின்ல தெரியும். ஏறினா மேல எழுதிப் பாக்கறேன். சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்."

திரும்பும்போது அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். ரோட்டோரக் குழாயில் வண்டிக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தியபோதுதான் கேட்டாள்.

"எதுக்குடா பொய் சொன்ன?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்லல."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தம்பி பானெட்டை மூடினான். கையைத் துணியில் துடைத்தான். விரல் விரலாகத் துடைத்தான்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"வண்டி வாங்கறதுக்கு முன்னாலேர்ந்து. பஸ் வர்றதில்லன்னு பாத்துதானேக்கா வண்டியே வாங்கினேன். உன் கடையில உக்காந்து டீ குடிச்சிக்கிட்டேதான் பாத்தேன். தினம் கையத் தூக்குவ. நான் யாரையும் கூப்பிடல. நீதான் அனுப்பி வச்ச."

"ஏண்டா சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

"சனிக்கிழமை அத்தனை பேர் முன்னால நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

அவன் வண்டியைக் கிளப்பினான். அக்காவைக் காட்டிக் கொடுக்க மனசில்லாமல் சும்மா இருந்தானா, இல்லை, சொன்னால் பஸ் திரும்பவும் உள்ளே வந்துவிடும், வண்டி காலியாகிவிடும் என்று சும்மா இருந்தானா? அவள் அவன் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தாள். இரண்டும் இருக்கும் என்று தோன்றியது. எது எவ்வளவு என்று கேட்டால் அவனுக்கே தெரியாது என்றும் தோன்றியது. இப்போது டிப்போவில் சொன்ன பொய் வேறு அவன் கையில் இருக்கிறது. நாளைக்கு ஒரு சண்டை வந்தால் அதை வெளியே எடுப்பானோ? தன்னைக் காப்பாற்றியவனைப் பற்றியே இப்படி நினைக்கிற மனசை அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் நினைத்தாள்.

வீட்டில் கொத்தனார் கட்டிலில் இருந்தார். அவள் அவர் மடியிலிருந்த நோட்டை எடுத்துப் பிரித்தாள். இத்தனை நாளும் அதைக் கிறுக்கல் என்று நினைத்திருந்தாள். ஒரு வரிக்கு ஒரு வாரம். ஒவ்வொரு வரியிலும் நடுங்கி நடுங்கி இரண்டு கோடு, நடுவில் இடைவெளி. வாரம் தவறாமல் இரண்டே கோடு. கடைசி வரியில் மட்டும் ஒன்று புதிதாக, இன்று, திங்கட்கிழமை. கடை பூட்டியிருந்ததால் இன்று பஸ் வந்திருக்கிறது.

"பஸ் வந்தா கோடு போடறீங்களா?"

"ம்."

"இது என்னாலதான்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் இடது கையை மெதுவாகத் தூக்கினார். விரலை விரித்து, உள்ளங்கையை லேசாக ஒருமுறை ஆட்டினார். அவள் தினமும் ரோட்டைப் பார்த்துக் காட்டுகிற அதே சைகை. உடம்பு நன்றாக இருந்த காலத்தில் அவரும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்தானே. அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவர் அவள் முதுகைத் தடவப் பார்த்தார். வலது கையால் பார்த்தார். கை பாதியில் நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி நாள். பஸ் வந்தது, போனார்கள், வந்தார்கள். டிரைவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நினைத்து, ஊருக்குச் சொல்லாமல் இவனிடம் மட்டும் சொன்னால் அதுவும் ஒரு திருட்டுத்தனம்தான் என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை பத்து மணிக்குக் கடையைப் பூட்டினாள். பால் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது, இறக்கி வைத்தாள். டீக்கு வந்த இரண்டு லாரிக்காரர்கள் முனகிக்கொண்டே போனார்கள். சைக்கிளை மிதித்து ஊருக்குள் வந்து, நிழற்குடை மேடைமேல் ஏறித் தனியாக நின்றாள்.

மளிகைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, இன்னிக்கும் ஆஸ்பத்திரியா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு நிக்கற? இன்னும் ஹாரனே அடிக்கலையே."

"அடிக்காது. நான் காட்டின கையால அடிக்காமப் போச்சு." தெருவில் நான்கு கதவுகள் திறந்திருந்தன. எல்லாக் கதவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். போன், கை, அம்பத்திரண்டு நாள், செவ்வாய், வெள்ளி, எதையும் விடவில்லை. "என் தம்பி ஒண்ணும் பண்ணல. பஸ்ஸை நிறுத்தினது நான்தான். என் புருஷன் போற நாளுக்கு மட்டும் பஸ் வந்துக்கிட்டிருந்துச்சு. எனக்கே தெரியாது. தெரியாதுன்னு சொன்னா நீங்க நம்பணும்னு இல்ல."

மளிகைக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஒருத்தரும் இல்லம்மா, ஒருத்தரும் இல்லம்மா என்று தினம் சொன்னவர் அவர்தான். தையல்காரி ஒருத்தி வாசலில் நின்று, "நல்லாருக்கே கதை! நாங்க வேன்ல கூனிக் குறுகிப் போறோம், உங்க வீட்டுக்கு மட்டும் தனி பஸ்ஸா?" என்றாள். "தெரியாமலா வாரா வாரம் சரியா ரெண்டு நாள் மட்டும் வரும்?" என்று இன்னொரு குரல் கேட்டது. இத்தனை நாள் அவள் மற்றவர்களைப் பார்த்த பார்வையை இன்றைக்கு ஊர் திருப்பித் தந்தது.

"போறவங்க வாங்க. இன்னிக்கு மட்டும் ஹாரனுக்குக் காத்திருக்காம வாங்க," என்றாள்.

தையல்காரி திட்டிக்கொண்டேதான் வந்தாள். கையில் டவுனில் கொடுக்க வேண்டிய துணி மூட்டை இருந்தது. பின்னால் ஒரு கிழவரும், பல் பிடுங்க வேண்டிய ஒரு பெண்ணும், இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். பத்து நாற்பது ஆயிற்று. பத்து நாற்பத்தைந்து ஆயிற்று. தம்பியின் வேன் தெருவில் வந்து, மேடையைக் கடக்கும்போது வேகம் குறைந்தது. அவன் ஹாரன் அடிக்கவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. மெதுவாகப் போன வண்டியில், மேடையில் நின்றவர்களில் இரண்டு பேர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். வண்டி போய்விட்டது. அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது மட்டும்தான்.

"வராது," என்றாள் தையல்காரி. "உன்ன நம்பி வந்தேன் பாரு."

அக்கா வாய்க்கால் வளைவையே பார்த்தாள். கை இல்லாவிட்டாலும் டிரைவர் பழக்கத்தில் அங்கேயே திரும்பிவிடுவானோ? மேலாளர் ஏதாவது சொல்லிவிட்டாளோ?

அப்போது வாய்க்கால் வளைவில் ஹாரன் கேட்டது. தெருவில் இன்னும் மூன்று கதவுகள் சாத்துகிற சத்தமும் கேட்டது.

பஸ் வழக்கத்தைவிட வேகமாக வந்து, மேடையை ஒட்டி நின்றது. பெரிய டிரைவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்னக்கா, இன்னிக்கு புதன்தானே? திங்கக்கிழமைதான் பூட்டியிருந்துதுன்னா, இன்னிக்கும் கடை பூட்டிக் கிடந்துது. கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன், உங்களக் காணோம். மாமாவுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு பதறிட்டு உள்ள வந்தேன்."

"மாமா நல்லாருக்காரு," என்றாள் அக்கா. ஏறுகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நகர்ந்தாள். தையல்காரி தன் மூட்டையை முன்னால் தள்ளிவிட்டு, காலை மடக்காமல் மேடையிலிருந்து நேரே உள்ளே போனாள். கண்டக்டரின் மிஷின் ஒவ்வொரு டிக்கெட்டாகத் துப்பியது. அக்கா எண்ணினாள். ஏழு.

"அப்ப கடை ஏன்க்கா பூட்டியிருக்கு?"

"நாளைக்கும் பூட்டியிருக்கும் அண்ணே," என்றாள். "நாளன்னிக்கும் பூட்டியிருக்கும். டீ நீங்க டவுன்லயே குடிச்சிட்டு வந்துடுங்க."